மண்ணில்லா விவசாயம்: தண்ணீர் மிச்சம், மின்சாரம்?

மொட்டை மாடியில் வெள்ளை நிற பிவிசி குழாய்கள், அவற்றின் துளைகளில் மண்ணே இல்லாமல் வளரும் கீரைகள். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ எனப்படும் மண்ணில்லா விவசாயத்துக்குச் சொல்லப்படும் முதல் நன்மை தண்ணீர்ச் சிக்கனம். அது உண்மைதான். ஆனால், மின்தடை ஏற்பட்டால் பயிர் என்னவாகும் என்பதைக் குழாய்களை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

செடிக்குத் தேவை மண் அல்ல. நீர், அதில் கரைந்த சத்துகள், வேருக்குக் காற்று ஆகியவையே. இம்முறையில் சத்துகள் உப்புகளாக நீரில் கரைத்துத் தரப்படுகின்றன. கரைசலின் அமிலத்தன்மை அளவு (பிஎச்) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால், இரும்புச்சத்து நீரில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் இலை வெளிறும்.

குழாய் அமைப்பில் மோட்டார் மூலம் மெல்லிய நீர்ப்படலம் வேர்களைத் தொட்டு ஓடுகிறது. வேரைச் சுற்றி நீர் இருப்பு கிடையாது. கோடை நண்பகலில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் செடிகள் வாடிவிடும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், யூமா பகுதியின் லெட்யூஸ் சாகுபடி குறித்து 2015-இல் வெளியான கணக்கீட்டு ஆய்வு இதன் இரு பக்கங்களையும் காட்டுகிறது. ஒரு கிலோ கீரைக்கு வயலில் 250 லிட்டர் தண்ணீர் தேவைப்பட, ஹைட்ரோபோனிக்ஸில் 20 லிட்டரே போதுமானதாக இருந்தது. பரப்பளவுக்கான விளைச்சலும் சுமார் 11 மடங்கு அதிகம். ஆற்றல் செலவோ 1,100 கிலோஜூலிலிருந்து 90,000 கிலோஜூலாக உயர்ந்தது. மின்சாரக் கணக்கில் இது கிலோவுக்கு 25 யூனிட். பசுமைக்குடிலைக் குளிரூட்டவும் சூடாக்கவுமே இதில் பெரும்பகுதி செலவாகிறது. திறந்த மாடியில் அந்தச் செலவு இல்லை. அதற்குப் பதிலாக வெயிலைச் சமாளிக்க வேண்டியிருக்கும். நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. கரைசல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேரழுகல் நோய்க்கு வாய்ப்பு அதிகம். வட மாநிலங்களின் மே மாத மாடிகளில் நிழல்வலை இன்றி இது சாத்தியமில்லை.

மோட்டார் இல்லாத வழிகள்

மின்சாரமே வேண்டாத முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. அப்போது டார்ஜிலிங் மாவட்டத்தில் இருந்த காலிம்போங்கில் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் தொடங்கிய சோதனைகளிலிருந்து ‘வங்காள முறை’ உருவானது. சரளைக்கல்லும் மணலும் நிரப்பிய பாத்தியில் சத்து உப்புகளை உலர்வாகத் தூவி, பிறகு தண்ணீர் ஊற்றுவதே அதன் எளிய நடைமுறை. சாதாரணக் குடும்பங்களை மனதில் வைத்து வகுக்கப்பட்ட அம்முறை 1951-இல் நூலாகவும் வெளிவந்தது.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி உருவாக்கிய முறை இன்னும் எளிது. மூடியுள்ள வாளியில் கரைசலை ஒரே முறை நிரப்பி, மூடியின் துளையில் நாற்றை வைத்தால் போதும். செடி உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் இறங்கும். மேலே உருவாகும் இடைவெளியில் வேர்கள் சுவாசிக்கும். லெட்யூஸ், பாலக், துளசி வகைகளுக்கு இது பொருந்தும். நெல்லையோ பருப்பையோ இப்படி விளைவிப்பது கட்டுப்படியாகாது என்பதால், வீட்டின் கீரைத் தேவையோடு எதிர்பார்ப்பை நிறுத்திக்கொள்வது நல்லது.

வாளி ஒளி புகாததாக இருக்க வேண்டும். இல்லையெனில் பாசி படரும். மூடியில் இடுக்கு இருந்தால், தேங்கிய கரைசலில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடக்கூடும்.