கடைசி மருந்துக்கு ஒரு தங்கை

என் தங்கை பெண்ணுக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, "இனிமே பயமில்லை" என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை, ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. ஒன்று மாற்றி ஒன்றாக மருந்து ஏற்றினார்கள். எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"பெரியம்மா, இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கியாம். கோலிஸ்டினாம். கிட்னியைப் பாதிச்சாலும் பாதிக்குமாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "குடுக்கச் சொல்லும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

பத்து நாள். நனைந்த துணியை ஒவ்வொரு தடவையும் நர்ஸ் தராசில் வைத்து, குழந்தைக்கு எவ்வளவு மூத்திரம் பிரிந்தது என்று கணக்கெழுதினாள். துணி கனத்தால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி!

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தபின், அந்த மருந்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. அதன் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா மற்றக் கிருமிகளை விரட்டத் தயாரிக்கும் சரக்கு அது. 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். பருப்பு, முட்டையிலுள்ள புரதத்தைப் போல இதுவும் அமினோ அமிலங்களைக் கோர்த்ததுதான். ஆனால் பத்தே மணிகள் கொண்ட குட்டி மாலை. இப்படிப்பட்ட மாலைக்குப் பெப்டைடு என்று பெயர். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டியவர்கள், புது மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் பரண்மேலிருந்து இறக்கினார்கள்.

அதற்கும் வந்தது வினை. கோலிஸ்டின் தன்மேல் ஒட்டாதபடி கிருமி தன் தோலை மாற்றிக்கொள்ள உதவும் ஒரு ஜீனை 2015-ல் சீனாவில் கண்டார்கள். பன்றிகளிடம், இறைச்சியில், நோயாளிகளிடம் எல்லாம் இருந்தது. ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றியும் கொடுக்குமாம், நாம் பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது மாதிரி! கால்நடைத் தீவனத்தில் இந்த மருந்தைக் கலந்து வந்ததுதான் இதற்கு வழி திறந்தது என்கிறார்கள். நம் நாட்டில் கோழி, மீன் முதலியவற்றுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜூலையில் அரசு தடை செய்தது.

கோழிப்பண்ணைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? மிச்சமிருந்த அரை அட்டை மாத்திரையை எடுத்துவைத்து, அடுத்த ஜலதோஷத்துக்கு டாக்டரைக் கேளாமலே என் பையனுக்குக் கொடுத்தவள்தானே நான்? சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு அந்த மாத்திரை வேலையே செய்யாது.

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரேடி என்பவரின் குழுவினர் யோசித்தார்கள்: மண்ணில் இந்தச் சண்டை யுகயுகமாக நடக்கிறதே, ஒட்டாத தோலுக்கும் ஒட்டுகிற மாதிரி ஏதாவது ஒரு பாக்டீரியா பக்குவத்தை மாற்றியிருக்காதா?

ஒரு பாக்டீரியாவின் ஜீன்கள் மொத்தத்தையும் ஜீனோம் என்பார்கள். பாட்டியின் சமையல் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நோட்டில் உள்ள பலகாரமெல்லாம் தினமும் அடுப்பேறுமா? சீமந்தம், கல்யாணம் என்று வந்தால்தானே சிலதைச் செய்வாள்? பாக்டீரியாவும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் பல பொருள்களைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே இவர்கள் கிருமியை விட்டுவிட்டு நோட்டைப் படித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீனோம்களைக் கம்ப்யூட்டரில் அலசியதில், கோலிஸ்டினின் தங்கை போன்ற ஒரு குறிப்பு அகப்பட்டது. சில மணிகள் மட்டும் வேறு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று ஜீனைப் பார்த்தே கணித்து, ரசாயன முறையில் தாங்களே கோர்த்துவிட்டார்கள்! மாகோலாசின் என்று பெயர். 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. அதைக் கொஞ்சம் திருத்தி, கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமி தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே நாளில் தொற்று நீங்கியது. கோலிஸ்டின் கொடுத்த எலிகளில் கிருமி குறையவே இல்லை.

எலிக்குச் சரி, மனிதருக்கு? இன்னும் மருந்தாக வரவில்லை. சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யுமா என்பதெல்லாம் தீரச் சோதித்தாக வேண்டும்.

"பெரியம்மா, அதுவரைக்கும் இந்தக் கோலிஸ்டினாவது தாங்கணுமே" என்றாள் தங்கை பெண், மடியில் குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டியபடி. அடுத்த மாதம் சிறுநீரகத்துக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. நானும் கூடப் போகிறேன்.