அருவி ஆற்றங்கரையின் காவலரண்கள்

அனுராதபுரம் போகும் வழியில் மல்வத்து ஓயாவை உங்களில் பலர் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். 164 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறுதான் மன்னார்ப் பக்கம் வந்ததும் அருவி ஆறு என்று பெயர் மாறி, அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது.

இந்தக் கரைக்கு அரண் புதிதல்ல. அரிப்பில் போர்த்துக்கீசர் சிறியதொரு கோட்டை கட்டினார்கள். பின்னர் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டி மன்னனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1679இல் இந்த ஆற்றோரமாகவே தப்பி வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்குத்தான். முத்துக்குளிப்பைக் கவனிக்க ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊரார் அதற்கு அல்லிராணிக் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்! அதைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

பழைய கோட்டைகளை வேடிக்கை பார்க்கலாம். நம் காலத்துப் போர் விட்டுச்சென்ற அரண்கள் அப்படியல்ல.

ஆற்றுக்குத் தெற்கே முசலிப் பகுதி. சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, பாலைக்குளி, மறிச்சுக்கட்டி என்று நம்மவர் ஊர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டார்கள். எருக்கலம்பிட்டியார் தோணியேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலி மக்கள் புத்தளம் நோக்கி நடந்தார்கள். ஆளில்லாத ஊர் போர்க்களமாயிற்று. 1991 மார்ச்சில் சிலாவத்துறை இராணுவ முகாம் தாக்கப்பட்டது. 2007 செப்டம்பரில் அரச படைகள் அப்பகுதியைக் கைப்பற்றின.

போர் 2009இல் முடிந்து, திரும்பிய பெண்கள் கண்டது என்ன? வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வளவெல்லாம் காடு. ஆனால் வடக்கு முழுவதும் மண் அணையும் பதுங்கு குழியும் கொங்கிரீட் காவலரணும் நின்றன. தலைமன்னார் ரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பனங்குற்றிகளும்கூட அரணுக்குள் போய்விட்டன. அந்தப் பாதையில் ரயில் மீண்டும் தலைமன்னார் வரை ஓட 2015 ஆயிற்று.

தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காவலரண் தனியாக நிற்பதில்லை. அதற்கு முன்னால் முள்கம்பி, முள்கம்பியை ஒட்டி மிதிவெடி என்பதே போர்முறை. கொங்கிரீட் பெட்டியைப் பிள்ளைகள் கண்டால் ஒளிந்து விளையாட நல்ல இடம் என்றுதான் நினைப்பார்கள். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போகிறவர்களுக்கு அது ஒரு அடையாளமாக இருக்கட்டும்: இங்கே வெடி புதைக்கப்பட்டிருக்கலாம். வளவுக்குள் அரண் நிற்கிறதா? வீடு கட்டும் அவசரத்தில் நீங்களே இடிக்கவோ சுற்றிலும் தீ மூட்டிக் காடு அழிக்கவோ வேண்டாம். கிராம சேவகரிடமோ பொலிஸிலோ சொல்லி, நிலம் துப்புரவாக்கப்பட்டதா என்று கேட்டறியுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையை விறகுக்குக் கழற்றுவதும் நடக்கிற காரியமே. அடுத்து வருகிறவருக்கு எச்சரிக்கை இல்லாமல் போகிறது.

இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017 டிசம்பரில். வடக்கில் வெடி அகற்றுகிறவர்களில் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்தவர்களும் உண்டு. முகக்கவசம் போட்டு, வெயிலில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறும் வேலை அது.

வெடி எடுத்தால் மட்டும் காணி கைக்கு வந்துவிடுமா? சிலாவத்துறையில் கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட தங்கள் நிலத்தைக் கேட்டு, 2019இல் மக்கள் வீதியோரம் தொடர் போராட்டம் நடத்தினார்கள். பந்தலில் பெண்களும் இருந்தார்கள்.