கிதாரின் கழுத்துக்கு எந்த மரம்?

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களை அறியாதவர் நம்மில் குறைவு. 2021ஆம் ஆண்டில் அவை புவிசார் குறியீடு பெற்றன. சிற்பி மரத்தைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்ப்பது, அது பிளவுபடாமல் உளிக்கு இடம் கொடுக்குமா என்பதையே. அதே பட்டறையில் மின் கிதாரின் கழுத்தைச் செய்வதானால் எந்தப் பலகையை எடுப்பது? இதற்கு இயற்பியல் விடை சொல்லும்.

கிதாரில் ஆறு எஃகுத் தந்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் இழுவிசையும் ஏழெட்டு கிலோகிராம் எடைக்குச் சமம். ஆக, சுமார் 45 கிலோகிராம் எடைக்குரிய விசை கழுத்தை இரவும் பகலும் இழுக்கிறது. நாண் வில்லை வளைப்பதுபோல் தந்திகள் கழுத்தை வளைக்கின்றன.

வளைந்தால் என்ன? தஞ்சாவூர் வீணையை நினைத்துப் பாருங்கள். பலா மரத்தாலான அதன் தண்டியின்மீது 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டுள்ளன. காலப்போக்கில் சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டுகளைச் சரிசெய்யலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்திலேயே அடித்து இறுக்கப்பட்டவை. கழுத்து வளைந்தால் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும், சுருதியும் கெடும். ஆகவே கழுத்துக்கு முதல் தேவை விறைப்பு. பெரும்பாலான கிதார்களில் கழுத்தினுள் ஓர் எஃகுக் கம்பி வைத்து, திருகாணியால் வளைவைச் சரிசெய்கிறார்கள். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டால் இக்கம்பியால் பயனில்லை.

மரம் முறுக்குவதேன்? மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், மீண்டும் வெளிவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் மரத்தில் சுமார் 15 விழுக்காடு நீர் தங்கும். 50 விழுக்காடாக இருந்தால் சுமார் 9 மட்டுமே. கல்வராயன் மலையின் குளிர்ந்த ஈரக்காற்றில் இருந்த பலகையைக் கோடையில் சமவெளிக்குக் கொண்டுவந்தால் அது சுருங்கத்தான் செய்யும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் மிகச் சிறிது; ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் மிகுதி. இழைகள் சாய்ந்தோடும் பலகை முறுக்குவது இதனால்தான்.

மேலைநாடுகளில் கழுத்துக்குப் பெயர்பெற்றது மேப்பிள் மரம். அதன் யங் குணகமும் நம் தேக்கின் யங் குணகமும் ஏறத்தாழச் சமம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையத் திசையில் மேப்பிள் சுமார் 10 விழுக்காடு சுருங்குகிறது. தேக்கு 5 விழுக்காடே! பெயரைவிடப் பண்பே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

ஒலி மாறாதா என்று கேட்கலாம். மின் கிதாரில், தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்காந்தத் தூண்டலால் மின்னோட்டமாக மாற்றுகின்றன. மரம் நேரடியாக ஒலிபெருக்குவதில்லை. எனினும் ஒரு சுரத்தின் அதிர்வெண் கழுத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், ஒத்ததிர்வு ஏற்பட்டுத் தந்தியின் ஆற்றலைக் கழுத்து வாங்கிக்கொள்ளும். அச்சுரம் விரைவில் அடங்கிவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் கழித்த தேக்கு, வாகை, பலாத் துண்டுகளை 30 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள பட்டைகளாக்கிக் கொள்ளுங்கள். ஒன்றை மேசை விளிம்பில் இறுக்கி, 25 செ.மீ. வெளியே நீட்டி, முனையில் 500 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். முனை எத்தனை மி.மீ. தாழ்கிறது? கனமும் அளவும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்; கனம் இருமடங்கானால் தாழ்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். பிறகு எடையை ஒரு வாரம் அப்படியே விட்டு, நீக்கிப் பாருங்கள். பழைய நிலைக்கு மீளாமல் தாழ்ந்தே நிற்கும் பட்டையைக் கழுத்துக்குக் கொள்ள வேண்டாம். குறைவாகத் தாழ்ந்து முழுவதும் மீள்வதும், நேரிழை உள்ளதும், நன்கு உலர்ந்ததும் எதுவோ அதுவே ஏற்ற மரம்.