தூளுப்பில் அறுபதில் ஒரு பங்கு

தூளுப்பு டப்பாவைத் திறந்து ஒரே ஒரு துகளை விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 60 மைக்ரோகிராம். அதை அறுபதாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பங்கு இருக்கிறதே, ஒரு பெண்ணின் மொத்த ரத்தத்திலும் ஓடுகிற எஸ்ட்ரடயால் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்பு, அது உச்சத்தில் இருக்கும் வேளையில்! ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்களில் முதன்மையான இந்த எஸ்ட்ரடயால்தான் உடம்பெங்கும் உள்ள தமனிகளை நெகிழ வைக்கிறது.

ரத்தக்குழாயின் உட்புறத்தில், தரையில் ஓடு பதித்ததுபோல ஒற்றை அடுக்குச் செல்கள் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் எனப்படும் இந்த அகப்படலத்தை நெடுங்காலம் வெறும் பூச்சு என்றே நினைத்திருந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆராய்ந்துவந்தார். அசிடைல்கோலின் என்ற மருந்தைச் சேர்த்தால் சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. சுருங்கியவற்றில், வெட்டித் தயாரிக்கும்போதே அகப்படலம் உரசிப் போயிருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் அழகு. படலம் போன துண்டோடு படலமுள்ள துண்டை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினார். மருந்தைச் சேர்த்ததும் படலம் போன துண்டும் தளர்ந்தது! ஒன்றிலிருந்து ஏதோ கசிந்து மற்றதைத் தொட்டிருக்கிறது. 1980-ல் இதை வெளியிட்டார். அந்த ‘ஏதோ’, நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று பிறகு தெரிந்தது. மின்னல் வெட்டும்போது காற்றில் உண்டாகிற, வண்டிப் புகையிலும் இருக்கிற அதே வாயு. 1998-ல் ஃபர்ச்காட் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எஸ்ட்ரடயால் பிடிப்பதும் இந்த வாயுவின் கையைத்தான். ஹார்மோன் வந்து பொருந்தும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். செல்லின் உட்கருவில் இருக்கும் ஏற்பிகள் வழியாக மரபணுக்களைத் தட்டியெழுப்ப மணிக்கணக்காகும். ஆனால் அகப்படலச் செல்லின் மேல்சவ்வை ஒட்டியும் ஏற்பிகள் உண்டு. அங்கே பொருந்தினால் சில நிமிடங்களிலேயே வாயு சுரக்கிறது. அதன் ஆயுள் சில நொடிதான். பக்கத்துத் தசைச்செல்லைத் தொட்டுத் தளர்த்த அது போதும்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று விடுகிறார்கள். பாய்ந்து வரும் ரத்தம் உரச, அகப்படலம் வாயுவைச் சுரக்க, தமனி விரிவதை அல்ட்ராசவுண்ட் திரை காட்டுகிறது. மூன்று நான்கு தலைமுடிகளைச் சேர்த்துப் பிடித்த தடிமன் அளவுக்கே விரிவு.

கர்ப்பத்திலோ இந்த நெகிழ்வு பிரமாண்டமாகிறது. தாயின் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் பாய்ந்த கருப்பைக்கு, பிரசவம் நெருங்கும்போது அரை லிட்டருக்கும் மேல் பாய்கிறது. இவ்வளவு பெருகியும் ரத்த அழுத்தம் ஏறாமல், நடுமாதங்களில் சற்று இறங்கவே செய்கிறது. எஸ்ட்ரடயாலும் அதன் துணை ஹார்மோன்களும் குழாய்களை அவ்வளவு அகலத் திறந்துவைக்கின்றன.

அப்படியானால், மாதவிடாய் நின்று எஸ்ட்ரடயால் குறைந்த பிறகு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்குமா? அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய சோதனை 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மாரடைப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. பின்பு 2016-ல் வெளியான சோதனையொன்று ஆட்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் தடிக்கும் வேகம் குறைந்தது. பத்தாண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பலனில்லை. கொழுப்பு படிந்து முதிர்ந்த சுவர், இளஞ்சுவரைப் போல ஹார்மோனுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று கருதுகிறார்கள். இதயப் பாதுகாப்புக்கென்றே இம்மாத்திரையை இன்றும் பரிந்துரைப்பதில்லை.

இதுவரை பெண்களைப் பற்றியே பேசினோம். ஆணுடம்பும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை எஸ்ட்ரடயாலாக மாற்றிக்கொள்கிறது. 1990-களில், பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆணை மருத்துவர்கள் கண்டார்கள். அவர் ரத்தத்தில் ஹார்மோனுக்குக் குறைவில்லை, கேட்கத்தான் ஆளில்லை. பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் கழித்து அவிழ்த்தார்கள். தமனி விரியவில்லை. நைட்ரோகிளிசரின் கொடுத்து வெளியிலிருந்து அந்த வாயுவை ஊட்டியபோது மட்டும் விரிந்தது. 31 வயதிலேயே அவருடைய இதயத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தது.