கண்ணின்றிச் சமைத்தல்

கண்ணில்லாதார்க்குச் சமையல் இயலாது என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. சமையலில் கண் மட்டுமே வேலை செய்வதில்லை. கடுகு வெடிப்பதைச் செவி அறிகிறது; பருப்பு வறுபட்டதை மூக்கு அறிகிறது; மாவின் பதத்தைக் கை அறிகிறது. இம்மூன்றையும் நன்கு பயிற்றிக்கொண்ட பார்வையற்றோர் அடுக்களைப் பணிகளைத் தாமே செய்கின்றனர். முட்டை பொரிக்கும் எளிய செயலைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், புறக்கடையில் கோழி வளர்க்கும் வீடுகள் உண்டு. அத்தகைய வீடொன்றில் பார்வையற்ற பெண் ஒருத்தி முட்டை பொரிப்பதாகக் கொள்வோம்.

அவளுக்கு முதல் துணை ஒழுங்கு. உப்புச் சாடி, எண்ணெய்க் கிண்ணம், கரண்டி, தோசைத் திருப்பி ஆகிய ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருத்தல் வேண்டும். முட்டையை அவள் முதலில் நீரில் இடுவாள். புதிய முட்டை அமிழும். நாட்பட்ட முட்டையினுள் காற்றறை பெருகியிருப்பதால் அது மிதக்கும். விரலால் தொட்டே இதனை அறியலாம். பின்பு முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றுவாள். கெட்ட முட்டையை நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஓட்டுத் துண்டு விழுந்திருப்பின் விரலுக்குத் தட்டுப்படும். அதன்பின் கையை நன்கு கழுவிக்கொள்வாள்.

அடுப்பை மூட்டுமுன்பே கைப்பிடியுள்ள வாணலியை அதன்மேல் வைத்து, நடுவில் அமைந்துள்ளதா என்று தடவிப் பார்ப்பாள். கரண்டியால் அளந்து எண்ணெய் விடுவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்ட பின்னரே எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துத் தீயைக் குறைப்பாள். வாணலிக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டினால் சூடு ஏறுவது புலப்படும். இடக்கை கைப்பிடியைப் பற்றியிருக்க, வாணலி இருக்கும் இடம் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். வலக்கையால் கிண்ணத்தைத் தாழ்த்தி மெல்ல ஊற்றுவாள்.

உடனே 'சுர்' என்னும் ஒலி எழுகிறது. இதற்குக் காரணம் யாது? வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. அந்நீர் சூடான எண்ணெயில் பட்டதும் ஆவியாகிச் சீறுகிறது. ஒலி எழாவிடின் எண்ணெய் காயவில்லை என்றும், மிகுதியாகச் சீறிடின் தீ மிகுந்தது என்றும் அவள் அறிகிறாள். வாணலியை மூடினால் ஆவியில் மேற்புறமும் வேகும்; திருப்ப வேண்டிய இடர் இல்லை. வெண்கரு ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலும், மஞ்சள் கரு அதனினும் சற்று மிகுந்த வெப்பத்திலும் இறுகத் தொடங்கும். சீறல் தணிந்ததும் திருப்பியால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள். வேகாத பகுதி நெகிழும். வெந்த பகுதி தாங்கி நிற்கும். இறுதியில் அடுப்பை அணைத்து, திருகு மூடியுள்ளதா என்று தொட்டு உறுதிசெய்வாள்.

விறகடுப்பில் தழல் வெளியே நீளும். ஆதலின் புதிதாகக் கற்போர் அதில் தொடங்காமை நன்று. பழகும்வரை பார்வையுள்ளோர் ஒருவர் அருகிருத்தலும் வேண்டும்.

இவ்வாறு கற்றவர் எவ்வளவு உயரலாம் என்பதற்குக் கிறிஸ்டின் ஹா என்னும் அம்மையார் சான்றாவார். நோயினால் படிப்படியாகப் பார்வை இழந்த அவர், 2012 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த மாபெரும் சமையற்போட்டியில் முதற்பரிசு பெற்றார். பின்னர் ஊஸ்டன் நகரில் உணவகமும் தொடங்கினார். நம் நாட்டில் பார்வையற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் டேராடூனில் உள்ளது; அதன் மண்டல மையம் சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் இருக்கிறது. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சி இத்தகைய இடங்களில் அளிக்கப்படுகிறது.

ஆயினும், பல வீடுகளில் பார்வையற்ற பிள்ளையை அடுப்பின் பக்கமே விடுவதில்லை. அன்பினால் செய்யும் இத்தடை, வாழ்நாள் முழுவதும் அப்பிள்ளை பிறர் கையை எதிர்பார்க்கும்படி செய்துவிடுகிறது. பெற்றோர் காலத்திற்குப் பின் அப்பிள்ளையின் நிலை என்னாகும்? தானே சமைத்து உண்ண அறிந்தவர் தனித்தும் வாழ்வார், பிறர்க்கும் இடுவார். உடன் வாழ்வோர் செய்யவேண்டிய உதவி மிகச் சிறிது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். வேலையைப் பறித்துக்கொள்ளாது கற்றுக்கொடுத்தல் வேண்டும். இரக்கத்தினும் இதுவே பெரிய உதவியாகும்.