வளர்ப்பு எலி திடீரென்று நோயுற்றால்

நாய், பூனைகளைப் போல வெள்ளை எலிகளையும் செல்லமாக வளர்க்கும் குடும்பங்கள் சென்னையில் உள்ளன. நம் மருத்துவமனைக்கு வருவோரில் சிலர் தம் உடல்நிலையைச் சொல்லி முடித்த பின், சற்றுத் தயங்கியே எலியின் பேச்சை எடுப்பார்கள். நேற்று வரை ஓடியாடியது, இன்று காலை கண்ணிலிருந்து இரத்தம் வடிகிறது என்பார்கள். நாங்கள் மனிதர்களுக்கான மருத்துவர்கள். எலிக்கு மருந்து எழுதும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் நோயாளி உள்ள வீட்டில் எலி நோயுறுவது எங்கள் கவலையும் ஆகிறது.

அந்தச் சிவப்பு பெரும்பாலும் இரத்தம் அன்று. எலியின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பி ஒன்று போர்பிரின் என்னும் செந்நிறப் பொருளைச் சுரக்கிறது. நலமாக உள்ள எலி அதை முன்கால்களால் துடைத்துக்கொள்ளும். நோய் முற்றும்போது சுரப்பு மிகுகிறது, துடைக்கவும் வலுவிருப்பதில்லை. எனவே இன்று கண்ணில் படும் சிவப்பு, பல நாள்களாக உள்ளே வளர்ந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். பூனைக்கும் பாம்புக்கும் ஆந்தைக்கும் இரையாகும் உயிர் தன் மெலிவை இயன்றவரை மறைக்கவே செய்யும். “கவனிக்காமல் விட்டோமே” என்று வீட்டினர் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒருவரைப் பராமரித்துக் களைத்தவர்கள் இக்குற்றவுணர்வையும் சுமப்பதைக் காண்கிறோம். அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறோம்.

வளர்ப்பு எலிகளை மிகுதியாக வாட்டுவது மூச்சுமண்டல நோய். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பல எலிகளின் உடலில் இளமை முதலே தங்கியிருக்கும். கூண்டில் சிறுநீர் தேங்கி எழும் அம்மோனியா நெடி அதன் வேகத்தைக் கூட்டும். எலி இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடுவது. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மறுநாள் வரை காத்திருக்கலாகாது. கத்திரி வெயிலும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். எலிக்கு நம்மைப் போல் வியர்ப்பதில்லை. உடல் வெப்பத்தைப் பெரிதும் வாலின் வழியே வெளியேற்றுகிறது. வெப்பத்தில் துவண்ட எலியை நிழலுக்குக் கொண்டுவந்து, வாலையும் பாதங்களையும் சாதாரணக் குழாய் நீரால் நனைக்கலாம். ஐஸ் நீர் வேண்டா.

நோயாளிக்காக வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். வளர்ந்த எலியின் எடை ஏறத்தாழக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரைதான். சிறு துணுக்கும் அளவு மீறிவிடும். எலியால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் உள்ளே போனது திரும்பி வராது. நந்தனத்திலிருந்து எட்டும் தொலைவில், வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. தனியார் மருத்துவரிடம் செல்வதாயின், எலியைப் பார்ப்பாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நன்று, எல்லாரும் பார்ப்பதில்லை.

எலியைத் தூக்குபவர் யார் என்பதே எங்கள் முதல் கேள்வி. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், மாற்றுறுப்பு பெற்றவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கருவுற்றவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆகியோர் நோயுற்ற எலியையோ அதன் கூண்டையோ தொடக் கூடாது. எலிக்காய்ச்சலின் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, நம் தோலின் சிறு வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் நுழையும். எலி நலமாகத் தோன்றும்போதும் இது நிகழலாம். எலிக்கடிக் காய்ச்சல் என்பது வேறு நோய். கடியாலும் கீறலாலும் வருவது. காய்ச்சலுடன் மூட்டுவலியும் தடிப்பும் தோன்றும். இரண்டுக்கும் தக்க மருந்துகள் உண்டு. ஆனால் வீட்டில் எலி இருப்பதை எவரும் தாமாகச் சொல்வதில்லை. கடியோ கீறலோ பட்ட மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

“வெறும் எலிதானே” என்று உறவினர் சொல்வதுண்டு. எங்கள் தொழிலில் இருப்போர் அப்படிச் சொல்ல இயலாது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் நாட்டின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் தின்றவை தழைத்தன, அரிசியே முதன்மையாகத் தின்றவை மெலிந்தன. இன்று உங்கள் உணவைப் பற்றி நாங்கள் சொல்வதில் அவற்றின் பங்கும் உண்டு. (செல்ல எலிக்கு வெறும் சோற்றை மட்டும் வைப்போர் இதை நினைவிற்கொள்க.) படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தொட அனுமதிக்கப்படாத சிறுவனுக்கு எலி ஒரு துணை. அது இறந்தால் “ஊருக்குப் போய்விட்டது” என்று சொல்லாதீர்கள். அம்மாவைப் பற்றி நாளை நீங்கள் சொல்வதையும் அவன் ஐயுறுவான். எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே என்பதை அவனுக்குப் புரியும்படி கூறலாம்.

எலிகள் கூடி வாழ்பவை. இரண்டில் ஒன்று போனபின் எஞ்சியது சில நாள் உண்ணாமல் ஒடுங்கக்கூடும். அதன் எடையைச் சமையலறைத் தராசில் நாள்தோறும் குறித்துவரும் பொறுப்பை, அவன் ஐந்து வயதைக் கடந்தவனாயின், கையுறையணிந்த பெரியவர் ஒருவர் எலியைத் தூக்கி வைக்க, அச்சிறுவனிடம் ஒப்படைக்கலாம்.