மாமா, பேச்சு, போதும்!

நண்பர் ஒருவருடைய இல்லத்துக்கு ஒரு நாள் மாலை சென்றிருந்தோம். கூடத்தில் சக்கர நாற்காலியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். மூளை முடக்குவாதத்தினால் நாக்கு அவள் வசத்தில் இல்லை; அறிவுக்கோ சிறிதும் குறைவில்லை. மடியில் ஒரு பலகை. அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சொல்.

"பாப்பாவுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?" என்று தாயாரைக் கேட்டோம்.

"அவளையே கேளுங்களேன்!" என்றார் அந்த அம்மாள்.

கேட்டோம். சிறுமியின் விரல் மெல்ல நகரத் தொடங்கியது. மௌனம் நமக்குப் பொறுக்குமா? "பந்தா? பொம்மையா? பல்லாங்குழியா?" என்று அடுக்கினோம். பாட்டியார் நம்மைக் கையமர்த்தினார். விரல் தத்தித் தத்தி மூன்று கட்டங்களைத் தொட்டது: "மாமா", "பேச்சு", "போதும்".

வீடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அந்தச் சிறுமிதான். நாமோ வெட்கத்துடன் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம்.

இத்தகைய சாதனங்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. உலகத்துக்கெல்லாம் பொது மொழியாகட்டும் என்று சார்லஸ் பிளிஸ் என்பவர் 1949-ல் சித்திரக் குறிகளை வெளியிட்டார். 1971-ல் கானடாவின் டொராண்டோ நகரில் அவை பேச இயலாத குழந்தைகளுக்கு வாயாக அமைந்தன. நம் சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்னும் செயலியில், படத்தைத் தொட்டால் கருவியே சொல்லை உரக்கச் சொல்கிறது.

"பலகை பழகிவிட்டால் வருகிற பேச்சும் நின்றுவிடாதோ?" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. மில்லர், லைட், ஷ்லாஸர் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு விடை கூறுகிறது. அவர்கள் நுணுகிப் பார்த்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை. 89 சதவிகிதத்தினருக்குச் சிறிதேனும் வளர்ந்தே இருந்தது.

ஆனால் பலகையை வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. மழலைகள் நாம் பேசுவதைக் கேட்டே பேசக் கற்கின்றன. ஆகவே, "சாப்பிட வா" என்று அழைக்கும்போது நாமும் அந்தப் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். பலகை அலமாரியில் உறங்கலாகாது. அடுக்களைக்கும் கலியாண வீட்டுக்கும் குழந்தையுடன் வர வேண்டும். குறும்பு செய்தாளென்று அதைப் பிடுங்கி வைப்பது வாயைக் கட்டுவதற்குச் சமானம். "பால்", "தண்ணீர்" மட்டும் போதுமா? "வேண்டாம்", "ஏன்?", "கோபம்" எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இடையில் நாமே பதில் சொல்லிவிடுவது எத்தனை அன்பினால் ஆனாலும் பறிப்புத்தான்.

பேச்சுச் சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்களின் நாடு இது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இம்மாதிரி மாற்று முறைகளையும் பேச்சுக்கு நிகரான தொடர்பு முறைகளாக ஏற்றிருக்கிறது. சட்டம் ஏற்றதை நம் வீட்டுக் கூடங்கள் ஏற்க வேண்டாமா?

விடைபெறும்போது, "மறுபடி வரலாமா, அம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டோம். மனத்துக்குள் ஏழு எண்ணியிருப்போம். சிறுமியின் விரல் "வா" என்ற கட்டத்தில் வந்து நின்றது.